ஆளில்லாத தீவுக்கு ஆறு பக்கப் படிவம்

1

ஒரு தீவைப் பார்க்கப் போவதற்கு ஆறு பக்கப் படிவம். நான் கூட்டிச் சொல்லவில்லை, எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நம்மட ஊரில் ஒரு கலியாணத்தைப் பதிவதற்கே ஒரு பக்கம் போதும். அதிலும் பாதி இடம் ஒப்பத்துக்குப் போய்விடும்.

கனடாவில், கடல் என்று சொன்னால் நம்பக்கூடிய ஒரு ஏரியின் கரையில் நானும் மனைவி ஹாஜறாவும் மகள் ஷிபானாவும் வந்து இறங்கி இந்த ஜூலையோடு ஏழு வருசம். எனக்குக் கடதாசி ஆலையில் ஸ்டோர் கிளாக்கர் வேலை. கோடையில் ஒரு கிழமை லீவு தருவார்கள். ஏழு வருசமும் அதை வீட்டில் கிடந்து நித்திரை கொண்டே தீர்த்தேன். இந்த வருசம் ஷிபானா விடவில்லை. பன்னிரண்டு வயது. வகுப்பில் எல்லாரும் போய் வந்துவிட்டார்களாம். ஏரிக்கு நடுவே ஒரு தீவு, முழுத் தீவும் அரசாங்கப் பூங்கா, குதிரையை விட உயரமான கொம்பு மான்கள் திரியுமாம். கிழமைக்கு மூன்று தரம் கப்பல், போய்ச் சேர நாலு மணித்தியாலம். "நாங்க மட்டும்தான் ஒரு இடமும் போகாத ஆக்கள், வாப்பா" என்று இங்கிலீசில் சொன்னாள். தமிழில் கேட்டால் இங்கிலீசில் பதில் சொல்வது இப்போது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. சரி போவோம் என்றேன். படிவம் வந்து சேர்ந்தது.

கூடாரத்தின் நிறம் என்ன? சப்பாத்து எத்தனையாம் நம்பர்? கண்ணின் நிறம் என்ன? வழி தவறினால் எந்தப் பக்கம் நடப்பீர்கள்? அது தெரிந்தால் நான் ஏன் வழி தவறப் போகிறேன்?

நாங்கள் இன்னும் குடியுரிமை எடுக்காதவர்கள். அதனால் எங்களுக்கென்று தனியாக ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். ஏரிக்குள் எங்கேயோ நாட்டின் எல்லைக்கோடு ஓடுகிறதாம். ஆளுக்காள் பிறந்த நாடு, பிறந்த ஊர், அந்த ஊரிலும் பிறந்த சரியான இடம் எழுத வேண்டும். மான் பார்க்கப் போகிறவள் எந்த வீட்டில் பிறந்தாள் என்று தெரிந்து இவர்கள் என்ன செய்யப் போகிறார்கள்? மானிடம் சொல்லப் போகிறார்களா? ஹாஜறாவுக்கு நேரே "நிந்தவூர், தாயின் வீடு" என்று எழுதினேன். அவளுடைய பிறப்புப் பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது.

நம்மட பக்கத்தில் ஆற்றுக்கு அங்கால் இருக்கிற வயலுக்கு எத்தனை தரம் போயிருப்பேன். துறையில் போய் நின்றால் தோணிக்காரர் சொல்வது ஒரேயொரு வசனம்தான். "சரியாமக் குந்துங்க." சட்டம் அவ்வளவுதான். அந்தச் சட்டத்தை மீறியவன் அந்த இடத்திலேயே நனைவான்.

2

படிவத்தை அனுப்பிய அதே கிழமை மச்சான் லத்தீபின் கடிதம் வந்தது. லத்தீப் ஹாஜறாவின் தம்பி, வீட்டுக்கு மூத்தவள் ஹாஜறா.

ஹாஜறாவின் தாய்க்கு, அதாவது என் மாமிக்கு, காட்டோரத்தில் விளாத்தியடி வட்டை என்கிற வயல்வெளியில் அஞ்சு ஏக்கர் மானாவாரிக் காணி. மழையை நம்பி வருசத்தில் ஒரு போகம். மாமிக்கு அவருடைய தாய் கொடுத்தது, ஹாஜறாவுக்கு மாமி கொடுத்தது. நான் கல்முனைக்குடியில் பிறந்து, நம்மட வழக்கப்படி மாப்பிள்ளையாகப் போய் நிந்தவூரில் அவர்கள் வீட்டில் குடியேறியவன். அந்தக் காணியின் சோற்றை நானும் தின்றிருக்கிறேன்.

இப்போது அந்தக் காணியை மிருகங்களுக்கான காட்டோடு சேர்த்துவிட்டார்களாம். வரம்பு நெடுக எல்லைக்கல் நட்டாயிற்று. ஆனைக்கு இடமில்லை என்று கொழும்பில் யாருக்கோ கண்ணீர் வந்திருக்கிறது. ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுத கதைதான். கச்சேரியில், மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், செப்டம்பரில் விசாரணை. எழுபத்தெட்டாம் ஆண்டு காணி அளக்கிற சேர்வயர் எடுத்த கணக்கில் "ஒருவரும் இல்லை" என்று பதிந்திருக்கிறதாம். அதைக் காட்டித்தான் எடுக்கிறார்கள்.

"அந்த நேரம் சேர்வயரோட நிண்டது நீங்கதானே மச்சான்" என்று லத்தீப் எழுதியிருந்தான். "அந்த மனுசன் எழுதின பொய்யைச் சொல்லி ஒரு சத்தியக் கடதாசி முடிச்சு அனுப்புங்க. உம்மாவுக்கு இந்தக் காணிதான் உசிரு. இப்ப நாடு கெட்டுக் கிடக்கிற கிடையில வயலுக்குப் போறதே பயம். ஆனா போகாம இருக்கிறது வேற, போகப்படாது எண்டு சொல்றது வேற."

கடிதத்தை ஹாஜறாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தச் சேர்வயர் நல்லா இருக்கமாட்டான்" என்றாள். நான் ஓம் என்று தலையை ஆட்டிவிட்டுக் கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்தேன். மூன்று கிழமை அதைத் திறக்கவேயில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

3

அந்த மூன்று கிழமையும் தீவுப் பயணத்துக்கான ஆயத்தம் என்று ஓடித் திரிந்தேன். உண்மையில் கடிதத்துக்குத்தான் ஒளித்துத் திரிந்தேன். கப்பல் கந்தோருக்கு நாலு தரம் டெலிபோன் எடுத்தேன். எடுக்கிற நேரமெல்லாம் ஷிபானா பக்கத்தில் நின்று என் இங்கிலீசைத் திருத்தினாள். "வாப்பா, மேடம் எண்டு இஞ்ச ஆரும் சொல்றதில்ல" என்று இங்கிலீசில் காதுக்குள் சொன்னாள். நான் மேடம் என்றுதான் சொன்னேன். மரியாதை கொடுத்துப் பழகின வாய், இனி எங்கே போய் மாற்றுவது?

ஹாஜறா சோற்றுப் பார்சலும் மாசிச் சம்பலும் கட்டுவதென்று முடிவெடுத்திருந்தாள். அதுவும் ஏலாதாம். மணக்கிற சாப்பாடு ஓநாயைக் கூப்பிடுமாம், தகரப் பேணியில் அடைத்தது மட்டும்தான் கொண்டுபோகலாம். ஒரு இலை பிடுங்கப்படாது, ஒரு கல் எடுக்கப்படாது. "மூச்சு விடலாமாமா?" என்று ஹாஜறா கேட்டாள்.

அனுமதியோடு ஒரு வர்ணப் புத்தகமும் வந்தது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் மனிதர் வாழாத பூமி என்று போட்டிருந்தது. ஷிபானாதான் வாசித்தாள். ஹாஜறாவுக்கு இங்கிலீசு அவ்வளவு ஓடாது, அவள் படம் மட்டும்தான் பார்ப்பாள். நாலாம் பக்கத்தில் கரையோரப் படம் ஒன்று. அதில் விரலை வைத்தாள்.

"இது வலை காயப்போடுற மரச்சட்டம்."

"வேற ஏதாவது இருக்கும்" என்றேன்.

"கடற்கரையில வளர்ந்தவளுக்கு நீங்க சொல்லித் தாறீங்களா? இஞ்ச பாருங்க, பக்கத்தில வாடி. தோணி இழுத்த தடம் கல்லில இருக்கு. மனிசர் வாழாத இடத்தில ஆருக்கு வலை?"

வாடி என்ற சொல் நம்மட ஆக்களுக்கு ரெண்டு இடத்திலும் ஒன்றுதான். கடற்கரையில் மீன்காரர் தங்குவதும் வாடி, வயலில் போகம் முடியும்வரை நாங்கள் தங்குகிற குடிலும் வாடி. அவள் அந்தச் சொல்லைச் சொன்னதும் எனக்கு லாச்சிக்குள் கிடந்த கடிதம் ஞாபகம் வந்தது. கோபமும் வந்தது. யாரோடு என்றுதான் தெரியவில்லை. கப்பல் கந்தோரோடு தொடங்கினேன்.

ஐந்தாம் தரம் டெலிபோன் எடுத்துக் கேட்டேன். தீவில் முன்பு யார் இருந்தது? கந்தோரில் பேசின பிள்ளை நல்ல பிள்ளைதான், புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொன்னாள். நிரந்தரக் குடியிருப்பாளர் எவரும் இருந்ததில்லையாம். கோடையில் சில மீனவக் குடும்பங்கள் வந்து போனார்களாம், அவ்வளவுதானாம்.

நிரந்தரக் குடியிருப்பாளர். அந்த வார்த்தை போட்ட கேள்விக்கு வேறொரு மொழியில் என் கையால் நான் பதில் எழுதியிருக்கிறேன். டெலிபோனை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன்.

4

எழுபத்தெட்டாம் ஆண்டு நான் காணிக் கந்தோரில் தற்காலிகக் கிளாக்கர். சேர்வயருக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் தெரியும். அதனால் என்னைக் கூட்டிக்கொண்டு வட்டை வட்டையாகத் திரிந்தார். விளாத்தியடிக்குப் போனது ஒரு ஆகஸ்ட் மாதம். வயல் காய்ந்து கிடக்கிறது, வாடிகள் கூரை பறந்து நிற்கின்றன, ஒரு காகம் இல்லை. மாமி எங்களுக்குச் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

படிவம் சிங்களத்தில். முதல் கேள்வி, இந்த இடத்தில் நிரந்தரமாகக் குடியிருப்போர் எத்தனை பேர்? மாமியிடம் கேட்டேன். மாமி சிரித்துவிட்டார்.

"காட்டுக்குள்ள ஆரு மருமகன் குடியிருக்கிற? எங்கட வீடுவாசல் நிந்தவூரில. மதில் கட்டின வீடு எண்டு சேர்வயர் மாத்தயாக்குச் சொல்லுங்க. இது வெறும் வாடி."

அந்தப் பதிலில் பொய் இல்லை. பெருமை இருந்தது. நம்மட ஆக்கள் மழையோடு குடும்பமாக வயலுக்குப் போவார்கள், சூடடித்து நெல்லை ஏற்றியதும் கரைக்கு வந்துவிடுவார்கள். வயலில் ஆறு மாதம் கிடந்தாலும் அதைக் குடியிருப்பு என்று சொல்லமாட்டார்கள். வயலில் குடியிருக்கிறவள் என்று ஒரு பொம்பிளையைச் சொன்னால், வீடு இல்லாதவள், மகளுக்கு ஒரு வீடு கொடுக்க வக்கில்லாதவள் என்று அர்த்தம். மாமியிடம் போய் அப்படிச் சொன்னால் வாயைக் கிழித்துவிடுவார்.

நான் "இல்லை" என்று எழுதினேன். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி. இல்லை எனின் மற்றக் கேள்விகளை விட்டுவிட்டு ஒப்பமிடுக. மற்றக் கேள்விகள் என்னென்ன? என்ன பயிர், வரம்பு உண்டா, கிணறு உண்டா, எத்தனை வருசமாகச் செய்கிறீர்கள். எல்லாவற்றையும் விட்டேன். படிவம் சொன்னபடி செய்கிற நல்ல கிளாக்கர் நான். சேர்வயர் எங்கள் வரம்பில் குந்தி, எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே ஒப்பம் வைத்தார். வெயிலில் அவருக்கு அவசரம். எனக்கும் அவசரம், மாமியின் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

சேர்வயர் பொய் எழுதவில்லை. அவர் எதையுமே எழுதவில்லை. எழுதியவன் வீட்டு மருமகன். பொல்லைக் கொடுத்து அடி வாங்கின கதை கேட்டிருப்பீர்கள். நான் பொல்லைக் கொடுத்தது என் பெண்சாதியின் தலையில் அடிக்க. அடுத்த வருசம் இங்கே வந்துவிட்டேன். பதிவு பிழையாகக் கிடக்கிறது என்று ஊரில் முதல் கதை அடிபட்டபோது, சேர்வயரைத் திட்டி இங்கிருந்து மூன்று கடிதம் எழுதியவனும் நான்தான்.

5

ஆலையில் என் பகுதிக்கு மேலாளாக இருப்பவர் கார்ல். அறுபது வயது, அதிகம் கதைக்கமாட்டார். தீவுக்கு லீவு கேட்டபோது ஒரு மாதிரிப் பார்த்தார். பகல் சாப்பாட்டு நேரம் அந்த வர்ணப் புத்தகத்தைக் காட்டினேன். நாலாம் பக்கத்தைத் திறந்து பார்த்தார்.

"இது எங்கட அப்பா செஞ்ச மரச்சட்டம்" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். அவருடைய குடும்பம் நாலு தலைமுறையாகக் கோடை முழுக்கத் தீவில் மீன் பிடித்தது. பனிக்காலம் ஏரி உறைந்துவிடும், கரைக்கு வந்துவிடுவார்கள். அரசாங்க ஆள் ஜனவரியில் இவர்களுடைய கரை வீட்டுக்கு வந்து, தீவில் யார் இருக்கிறது என்று கேட்டிருக்கிறான். தாய் கோப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, இப்ப ஒருத்தரும் இல்லை என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், பூங்காவாகிவிட்டது.

"மற்றக் குடும்பங்கள் அந்த ஆள் பொய் எழுதினான் எண்டு வழக்குப் பேசி, ஒண்டும் கிடைக்காமல் போச்சுது. அம்மா மட்டும் எழும்பி, அதைச் சொன்னது நான்தான், கேட்ட மாசம் பிழை, ஜூலையில வந்து கேளுங்க எண்டா. எங்கட கொட்டிலில அம்மா சாகும்வரை இருக்கலாம் எண்டு விட்டாங்க" என்றார் கார்ல். இங்கிலீசில்தான் சொன்னார். எனக்கு நம்மட தமிழிலேயே கேட்டது.

அன்று வேலை முடிந்து வந்து ஹாஜறாவிடம் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் எழுதினது, கீழே விட்டது, மூன்று கடிதம், எல்லாம் சொன்னேன். கத்தியைக் கழுவி வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஏழு வருசமா அந்தச் சேர்வயருக்குத் தொழுத பாயில இருந்து பதுவாச் செஞ்சிருக்கன்" என்றாள். "அநியாயம் செஞ்சவன் நாசமாப் போகணும் எண்டு கேட்டிருக்கன். அந்தப் பதுவா ஆருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்? சொல்லுங்க."

ரெண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. சோறு போட்டாள், கறி போட்டாள். மூன்றாம் நாள் காலையில், "கப்பலை விடுங்க. கடதாசியை எழுதுங்க" என்றாள்.

சத்தியக் கடதாசிக்குத் தலைநகரத்தில் நம்மட நாட்டுத் தூதுவர் கந்தோரில் நேரே போய் ஒப்பம் வைக்க வேண்டும். பஸ்ஸில் போகவர நாலு நாள். எனக்கு இருப்பது அந்த ஒரு கிழமை லீவுதான். கப்பல்காரர் திகதி மாற்றமாட்டார்களாம். அடுத்த வருசம் புதிதாக ஆறு பக்கம் நிரப்பட்டுமாம். நிரப்புகிறேன், எங்கே போகப் போகிறேன்.

ஷிபானாவுக்கு ஆத்திரம். கண்ணால் காணாத ஒரு வயலுக்காகத் தன்னுடைய தீவைப் பறித்துவிட்டோம் என்று கதவை அடித்துச் சாத்தினாள். ஆனாலும் டைப் அடிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நான் சொல்லச் சொல்ல அடித்தாள். பாதியில் கையை நிறுத்தினாள்.

"அப்ப நீங்க பொய் எழுதினீங்களா வாப்பா?" இந்த முறை தமிழில் கேட்டாள்.

"இல்ல மகள். உண்மையைத்தான் எழுதின."

"உண்மையை எழுதினா எதுக்கு மாப்புக் கேக்குறீங்க?"

கேட்ட மாசம் பிழை, தை மாசம் வந்து பாருங்கள் என்று எழுதச் சொன்னேன். எழுதினாள்.

6

ஒக்டோபர் கடைசியில் லத்தீபின் கடிதம். நான் ஒப்பம் வைத்து அனுப்பியதைப் பற்றி ஒரு வரிகூட ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

விசாரணையில் என் கடதாசியை வாசித்திருக்கிறார்கள். விசாரணை செய்தவர் அதை அங்கால் தள்ளி வைத்தாராம். வெளிநாட்டில் இருக்கிறவர் எதையும் எழுதலாம் என்றாராம். பிறகு மாமியைப் பார்த்து, "அம்மா, ஒரே கேள்விதான். நீங்க அங்க குடியிருந்தீங்களா, இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். பக்கத்துக் காணிக்காரர், சம்பந்திமார், ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் மண்டபத்தில் இருக்கிறார்கள். மாமி முக்காட்டை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டு நின்றாராம்.

பிறகு சொல்லியிருக்கிறார். லத்தீப் அப்படியே எழுதியிருந்தான்.

"ஓம். குடியிருந்த. மருமகன் எழுதினது என்ட வாய்ச்சொல்லு. வெக்கத்தில சொன்ன சொல்லு. என்ட மூத்த மகளை அந்த வாடியிலதான் பெத்த நான். மாரி மழை, ஆத்தில வெள்ளம், தோணி ஓடல்ல. மருத்துவிச்சியும் இல்ல. வயல் வேலைக்கு வந்த பொம்பிளையள்தான் புடிச்சாங்க. நாப்பது நாள் கழிச்சுக் கரைக்கு வந்து, ஊட்டில பொறந்த எண்டு பதிஞ்ச. புள்ளைக்குக் கலியாணம் பேசக்குள்ள காட்டில பொறந்தவ எண்டு சொல்லப்படாது எண்டு இந்த நாள்வரை ஒருத்தருக்கும் வாய் திறக்கல்ல."

தீர்ப்பைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். கிடைக்குமோ, ஆனை வாயில் போன கரும்போ, தெரியாது. ஆனால் என் ஆத்திரம் தீர்ப்போடு இல்லை. முப்பத்தஞ்சு வருசம் தன் பிள்ளைக்கே சொல்லாமல் மூடி வைத்ததை, சம்பந்திமாருக்கு முன்னால் அவிழ்த்துக் கொட்ட வைத்தார்களே, அதோடுதான். வரம்பு இருக்கிறது, கிணறு இருக்கிறது, அந்தக் கிணற்றுத் தண்ணீரை அரசாங்கமே குடித்திருக்கிறது. அதெல்லாம் சாட்சி இல்லை, ஒரு பொம்பிளையின் வெட்கம்தான் சாட்சி என்றால் அது என்ன சட்டம்? அந்தச் சட்டத்துக்கு வழி திறந்து விட்டவன் நான் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஹாஜறா கடிதத்தை வாங்கித் தானே ஒரு தரம் வாசித்தாள். மடித்தாள். "உம்மா எனக்கும் சொல்லல்ல" என்றாள்.

போன மாதம் அடுத்த கோடைக்கான படிவம் வந்தது. அதே ஆறு பக்கம், அதே கூடாரத்தின் நிறம். நான் பேனையை எடுத்து வழமைபோல நிரப்பிக்கொண்டு போனேன். குடியுரிமை இல்லாதவர்களின் பக்கம் வந்ததும் ஹாஜறா பேனையைத் தரச் சொன்னாள். பிறந்த சரியான இடம் என்ற பெட்டிக்குள் இங்கிலீசு எழுத்தில், ஒவ்வொன்றாக, ஷிபானா பக்கத்தில் நின்று பார்க்க, விளாத்தியடி வட்டை, வாடி என்று எழுதினாள்.

நேற்றுக் கப்பல் கந்தோரில் இருந்து கடிதம் வந்திருக்கிறது. போன முறை கொடுத்த பதிவோடு இது ஒத்துவரவில்லையாம். எது உண்மை என்று விளக்கம் வேண்டுமாம். ஹாஜறா குசினி மேசையில் இருந்து தமிழில் பதில் எழுதிக்கொண்டிருக்கிறாள், ஷிபானா அதை இங்கிலீசில் டைப் அடிப்பாளாம். ஒரு பக்கம் முடிந்து இரண்டாம் பக்கம் போகிறது. இந்த முறை நான் பேனையைத் தொடவில்லை.